ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டதா? சாஃப்ட்வேரா, கடையா, லேபா, அலமாரியா

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனால் நம் ஆட்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் போவார்கள். முதலில் வீட்டிலேயே ஏதாவது இலவச சாஃப்ட்வேர், அது வேலைக்கு ஆகவில்லை என்றால் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடை, அவரும் கையை விரித்தால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு, அங்கேயும் முடியாது என்ற பிறகுதான் 'டேட்டா ரெக்கவரி லேப் என்று ஒன்று இருக்கிறதாமே' என்று விசாரிப்பது. செலவு குறைந்ததில் ஆரம்பித்து அதிகமானதில் முடிக்கிறோம், கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆளைக் கவிழ்ப்பதே இந்த வரிசைதான். ஹெட் (உள்ளே சுற்றும் தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனை) அடிபட்ட டிரைவை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவரும் சொருகி ஓட விட்டுப் பார்ப்பார்கள், அது ஒவ்வொரு முறையும் உள்ளே இன்னும் கொஞ்சம் சுரண்டும், கடைசியில் லேபுக்குப் போய்ச் சேரும்போது முதல் நாளே போயிருந்தால் முடிந்திருக்கக்கூடிய வேலை முடியாத வேலையாக ஆகியிருக்கும்.

அதனால் எது மலிவு என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டிரைவுக்கு வந்திருப்பது எந்த மாதிரிக் கோளாறு, உள்ளே இருப்பதற்கு வேறு எங்காவது நகல் கிடைக்குமா, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த வாசலுக்குப் போவது என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும்.

நான் தண்டையார்பேட்டையில் கல்யாணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா என்று விசேஷ வீடியோக்களை எடிட் செய்து பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் 2 டிபி டிரைவ் என்பது சாப்பாட்டுத் தட்டுக்குச் சமம், அதனால் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை ஸ்டுடியோக்காரர்கள் யாருடைய டிரைவ் படுத்தாலும் அது ஒருமுறை என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் போகும். நான் ரெக்கவரி செய்பவன் கிடையாது. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லி அனுப்புவதுதான் என் வேலையாகிப்போனது.

காதைக் கொடுங்கள்

டிரைவைச் சொருகியதும் வரும் சத்தத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். 'டிக், டிக், டிக்' என்று சீராக அடித்துவிட்டு நின்றுபோனால் ஹெட் போயிருக்கிறது, அல்லது தட்டில் இருக்கும் வழிகாட்டித் தடங்களை அதனால் படிக்க முடியவில்லை. உடனே பிடுங்கிவிடுங்கள். இன்னொரு முறை, இன்னொரு லேப்டாப்பில், இன்னொரு கேபிளில் என்று சொருகிப் பார்ப்பதெல்லாம் கேஸ் வாடை அடிக்கிற சமையலறையில் சுவிட்சைப் போட்டுப் பார்க்கிற மாதிரி. ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளியில் வளைந்துபோன ஒரு ஹெட் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டில் உரசினால் காந்தப் பூச்சு பொடியாகும், அந்தப் பொடி மற்ற இடங்களையும் அரிக்கும். பூச்சு போன இடத்தில் இருந்த படம் போனதுதான், உலகத்தில் எந்த லேபும் அதை எடுத்துத் தர முடியாது.

'பீப், பீப்' என்று மெல்லிய சத்தம் வந்தால் பெரும்பாலும் மோட்டார் சுற்றப் பார்த்து முடியாமல் திணறுகிறது. ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் இதே சத்தம் மின்சாரம் போதாதபோதும் வரும், அதனால் இதில் மட்டும் ஒரு சோதனைக்கு இடம் உண்டு. யூஎஸ்பி 2.0 போர்ட் அதிகபட்சம் 500 மில்லியாம்பியர்தான் கொடுக்கும், 3.0 போர்ட் 900 கொடுக்கும், டிரைவ் சுற்றத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் அதற்கு அதிக மின்சாரம் தேவை. டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட், நீட்டிப்புக் கேபிள், ஹப், இதையெல்லாம் எடுத்துவிட்டுப் பின்பக்க போர்ட்டில் வேறு நல்ல கேபிளோடு ஒரே ஒரு முறை பாருங்கள். ஓடினால் சரி. அப்போதும் பீப் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சத்தமெல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கிறது, டிரைவ் சுற்றுகிறது, ஆனால் விண்டோஸ் 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்கிறது அல்லது ஃபோல்டர்கள் காணோம் என்றால் அது வேறு கதை. பெரும்பாலும் ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு, குழம்பியிருக்கும், தட்டில் இருக்கும் தரவு அப்படியே இருக்கும். மேக்கிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும் என்பதற்காக எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்த டிரைவ்களில் இது சகஜம். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கினால் விண்டோஸின் வழக்கமான வகையான என்டிஎஃப்எஸ் ஓரளவு தாங்கும், எக்ஸ்ஃபேட் தாங்காது. இன்னொரு வகையும் உண்டு: பாட்டு பார்க்கலாம் என்று டிவியில் சொருகி, டிவி ஏதோ கேட்க, ரிமோட்டில் ஓகே அழுத்தியவர்கள். ரெக்கார்டிங் வசதி உள்ள சில டிவிகள் அந்த ஓகேவுக்கு டிரைவையே ஃபார்மட் செய்துவிடும்.

நாலாவது, டிரைவ் தெரிகிறது, ஃபைல்களும் தெரிகின்றன, ஆனால் எதைத் திறந்தாலும் நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, காப்பி நடுவில் நின்றுவிடுகிறது. எனக்கு இதுதான் அதிகம் பயம். ஓடுகிறதே என்று எல்லோரும் அதை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள் (தட்டில் தரவு எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், சரிசெய்யவே முடியாதவை, இவற்றின் எண்ணிக்கை அங்கே வரும். சி5 பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்த டிரைவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

வீட்டிலேயே சாஃப்ட்வேர்

மூன்றாவது வகைக்கு, அதாவது ஆரோக்கியமான டிரைவ், குழம்பிய ஃபைல் சிஸ்டம் அல்லது தவறுதலாக அழித்தது, இதற்கு லேபுக்குப் போவது காசுக்குக் கேடு என்பது என் கருத்து. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் முழுக்க இலவசம். டெஸ்ட்டிஸ்க் தொலைந்துபோன பார்ட்டிஷனை, அதாவது டிரைவில் பிரித்து வைத்த பகுதியை, தேடிக் கண்டுபிடிக்கும், பல நேரம் ஃபோல்டர் பெயர்களோடு அப்படியே திரும்பி வரும். ஃபோட்டோரெக் ஃபைல் சிஸ்டத்தைப் பொருட்படுத்தாமல் தட்டில் இருக்கும் படம், வீடியோவின் அடையாளங்களைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கும், அதனால் பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. நாலு கல்யாணம், ஒரு வளைகாப்பு எல்லாம் கலந்து பெயரில்லாத ஃபைல்களாக வந்து விழும். அதைப் பிரிக்க உட்காருகிறவருக்குப் பொறுமை வேண்டும், கூடவே அந்தக் குடும்பங்களின் முகங்களும் தெரிந்திருக்க வேண்டும். துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட நீளமான வீடியோக்கள் பாதியில் நிற்கும் என்பதையும் எதிர்பாருங்கள். கொஞ்சம் எளிதாக வேண்டுமென்றால் ரெக்கூவா இருக்கிறது, காசு கொடுக்கத் தயார் என்றால் ஆர்-ஸ்டுடியோ. காசு வாங்கும் சாஃப்ட்வேர்களில் பெரும்பாலானவை எதையெல்லாம் மீட்க முடியும் என்று முதலில் இலவசமாகவே காட்டும், படம் திறந்து தெரிந்த பிறகு வாங்கினால் போதும்.

மீட்டதை அதே டிரைவில் சேமிக்காதீர்கள். விண்டோஸ் கேட்கிறதே என்று செக் டிஸ்க்கை ஓட விடாதீர்கள், அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவதற்காகவே எழுதப்பட்டது, உங்கள் ஃபைல் போனாலும் அதற்குக் கவலை இல்லை. ஃபார்மட் செய்தே தொலைத்துவிட்டேன் என்பவர்கள் அது குவிக் ஃபார்மட்டா முழு ஃபார்மட்டா என்று யோசித்துப் பாருங்கள். குவிக் என்றால் நம்பிக்கை உண்டு. முழு ஃபார்மட் என்றால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது தட்டு முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுகிறது, அங்கே தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது. தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் குவிக் ஃபார்மட்டுக்கே ட்ரிம், அதாவது அழித்த இடத்தைக் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை, வேலை செய்து காலி செய்துவிட வாய்ப்பு அதிகம், சில சிறிய ஹார்ட் டிஸ்க்குகளிலும் இப்போது ட்ரிம் வந்துவிட்டது, ஆகையால் நம்பிக்கையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வகைக்கு, மெதுவாகச் சாகும் டிரைவுக்கு, மேலே சொன்ன எந்த சாஃப்ட்வேரையும் நேராக டிரைவின் மேல் ஓட்டக்கூடாது. முதலில் முழு டிரைவையும் வேறொரு டிரைவில் இமேஜாக, அதாவது அப்படியே ஒரு முழு நகலாக, எடுத்துவிட்டு, அந்த இமேஜின் மேல் தேட வேண்டும். அதற்கு டிடிரெஸ்க்யூ என்று லினக்ஸில் ஒன்று இருக்கிறது, பென் டிரைவில் உபுண்டு போட்டு பூட் செய்து ஓட்டலாம். இதன் அழகே, படிக்க எளிதான இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் வந்து நோண்டும். எங்கே விட்டது என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போவதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இது நம் ஏரியாவுக்கு எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை. விண்டோஸில் சாதாரணமாக இழுத்துப் போட்டு காப்பி செய்தால், அது ஒரு கெட்ட செக்டாரில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் படித்து டிரைவைச் சாகடிக்கும், போதாததற்கு ஃபோல்டரைத் திறந்ததும் ஒவ்வொரு படத்துக்கும் சிறுபடம் காட்டுகிறேன் என்று ஹெட்டை அங்கும் இங்கும் ஓட வைக்கும். நல்ல 1 டிபி டிரைவ் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முழுதாகப் படித்து முடிந்துவிடும், கெட்ட டிரைவ் நாள்கணக்கில் இழுக்கும். கறுப்புத் திரையில் கமாண்ட் அடிப்பது பழக்கமில்லை என்றால், எது மூல டிரைவ், எது இலக்கு என்று மாற்றி அடித்தால் வெறும் டிரைவை உங்கள் படங்கள் இருக்கும் டிரைவின் மேல் எழுதிவிடுவீர்கள். தெரிந்த பையனை உட்கார வையுங்கள்.

கடை எங்கே ஜெயிக்கும்

லோக்கல் கடைகளை மட்டம் தட்டுவது இணையத்தில் ஒரு ஃபேஷன். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சில கோளாறுகளுக்கு லேபைவிட அவர்கள்தான் சரியான ஆள்.

டிரைவின் யூஎஸ்பி வாய் ஆடிப்போவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போர்ட்டபிள் டிரைவ்களில் அகலமான மைக்ரோ-பி வாய்தான் இருக்கிறது. பையில் கேபிளைச் சொருகியபடியே போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறோம், ஆடி ஆடி உள்ளே ஈயம் விட்டுப்போகிறது. அசைத்துப் பிடித்தால் விளக்கு எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால் இதுதான். செல்போன் போர்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து வேலை செய்யும் கை எம்.சி. ரோட்டைச் சுற்றியும் பர்மா பஜார் பக்கமும் நிறைய இருக்கிறது. அவர்களுக்கு அந்த வாயைத் திரும்பப் பற்றவைப்பது சின்ன வேலை. டிரைவின் மூடியைத் திறக்கவே வேண்டாம், பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் போதும்.

இன்னொன்று, அடாப்டரில் ஓடும் பெரிய டெஸ்க்டாப் டிரைவ்கள். அதில் 12 வோல்ட் அடாப்டருக்குப் பதிலாக அதே மாதிரி இருக்கிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகிவிடுவார்கள். பல நேரம் உறைக்குள் இருக்கும் சின்ன இணைப்பு போர்டு மட்டும் கருகியிருக்கும், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வேறு சாட்டா டாக்கில் (வெறும் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி யூஎஸ்பியில் இணைக்கும் கருவி) போட்டால் ஓடும். இங்கே ஒரு கண்ணி உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் வரிசையில் பலவற்றில் அந்த இணைப்பு போர்டே தரவை என்க்ரிப்ட் செய்கிறது, நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும்கூட. வெளியே எடுத்துச் சொருகினால் வெற்று டிரைவ் போலத் தெரியும். பயந்துபோய் 'ஃபார்மட் செய்' என்பதை அழுத்திவிடாதீர்கள், உறையில் இருந்த போர்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மை பாஸ்போர்ட் வகையில் யூஎஸ்பி வாய் டிரைவின் போர்டிலேயே பற்றவைத்து வருவதால் உறையைக் கழற்றினாலும் உள்ளே சாட்டா வாய் கிடைக்காது.

பச்சை போர்டை மாற்றிவிட்டால் ஓடும் என்று சொல்லும் கடைகளும் உண்டு. பழைய காலத்து டிரைவ்களில் அது நடந்தது. இப்போது ஒவ்வொரு டிரைவின் ஹெட்டுக்கும் ஏற்ற அளவீடுகள் அதன் போர்டில் இருக்கும் ஒரு குட்டி ரோம் சிப்பில் எழுதப்பட்டிருக்கும், அந்தச் சிப்பையும் எடுத்துப் புது போர்டில் ஒட்டாமல் வெறும் போர்டை மாற்றினால் ஓடாது. இந்த விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் தலையாட்டினால் ஆள் தெரிந்தவர். 'அதெல்லாம் தேவையில்ல சார்' என்றால் டிரைவை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

கடல் காற்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் போர்டுக்கும் உள்ளே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தொடுமுனைகள் கறுத்துப்போவதைப் பார்க்கிறோம். போர்டைக் கழற்றி அந்த முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினாலே எழுந்து உட்கார்ந்த டிரைவ்கள் உண்டு. கடைக்காரர் இதைச் செய்தால் செய்யட்டும்.

எல்லை எங்கே என்றால், தட்டுகளை மூடியிருக்கும் அந்த உலோக மூடி. அதன் திருகில் கடையில் யாராவது ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் தடுத்துவிடுங்கள். ஃபேன் ஓடும் கடை, வாசலில் லாரிப் புழுதி, மூடியைத் திறந்து 'ஹெட்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டேன், இப்போ பாருங்க' என்று சொல்லும் ஆட்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஸ்டுடியோ அண்ணனின் டிரைவ் ஒன்று அப்படித்தான் ஒரு கடையில் திறக்கப்பட்டது, அவரைக் கேட்காமலேயே. பிறகு லேபில் கொடுத்தபோது தட்டில் விரல் ரேகை இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

'ஏம்பா, ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா ஓடுமாமே, இன்னா சொல்ற?' என்று அதே அண்ணன் கேட்டது நினைவிருக்கிறது. வேண்டாம் அண்ணா. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, குளிர்ந்த டிரைவை வெளியே எடுத்த நிமிஷமே உள்ளே தட்டின் மேல் நீர் பூக்கும். அதன் மேல் ஹெட் ஓடினால் கதை முடிந்தது.

லேப்

டிக் சத்தம், கீழே விழுந்தது, மோட்டார் சிக்கியது, தண்ணீரில் நனைந்தது, இந்த நாலுக்கும் லேபைத் தவிர வேறு வழி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்ததிலும் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்ததா, சும்மா இருக்கும்போது விழுந்ததா என்பது முக்கியம். அணைந்திருக்கும்போது ஹெட் தட்டை விட்டு விலகி ஓரத்தில் நிற்கும், அதனால் தப்பிக்க வாய்ப்புண்டு. ஓடும்போது விழுந்தது என்றால், தெரிந்த மாதிரி வேலை செய்தாலும் மூச்சு விடாமல் முதலில் நகல் எடுக்கப் பாருங்கள்.

லேபில் என்ன செய்கிறார்கள்? அதே மாடல், அதே ஃபர்ம்வேர் (டிரைவை இயக்கும் உள் சாஃப்ட்வேர்) வகையைச் சேர்ந்த இன்னொரு டிரைவை வாங்கி, அதன் ஹெட்டை எடுத்து உங்கள் டிரைவில் மாட்டி, இமேஜ் எடுக்கும் வரைக்குமாவது ஓட வைக்கிறார்கள். திரும்பி உங்கள் டிரைவ் பழையபடி ஓடப் போவதில்லை, தரவு மட்டும் வேறு டிரைவில் வரும். இந்த ஹெட் மாற்றும் வேலைக்குத்தான் தூசியில்லாத அறை தேவை. 'கிளாஸ் 100' என்று போர்டு மாட்டியிருந்தால், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக்கூடாது என்று பொருள். அறை முழுக்க அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை, வடிகட்டிய காற்று வீசும் மேஜை ஒன்று இருந்தாலும் போதும். அதைக் கண்ணால் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். பிசி-3000 என்ற கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஃபர்ம்வேர் சிக்கலைச் சரிசெய்யவும் கெட்ட டிரைவிலிருந்து ஹெட் ஹெட்டாகப் பிரித்துப் படிக்கவும் இந்தத் தொழிலில் உலகம் முழுக்க வைத்திருப்பது அதைத்தான்.

காசு விஷயத்துக்கு வருவோம். ஃபைல் சிஸ்டம் அளவிலான கோளாறுக்குச் சில ஆயிரம் சொல்வார்கள், ஹெட் மாற்ற வேண்டும் என்றால் 15,000, 20,000 என்று ஆரம்பித்து மேலே போகும். தட்டு சுரண்டியிருந்தால், பெரிய கொள்ளளவு என்றால், அவசரம் என்றால் இன்னும் கூடும். 'தரவு கிடைக்காவிட்டால் காசு வேண்டாம்' என்ற வாசகத்தை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். பரிசோதனைக் கட்டணம் தனியா, ஹெட்டுக்காக வாங்கும் டிரைவின் விலை யார் தலையில், தரவு கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பத்தாயிரம் படத்தில் நூறு கிடைத்தாலும் 'கிடைத்தது' என்று பில் போடுகிறவர்கள் உண்டு. அதனால் உங்களுக்கு எது வேண்டுமோ அந்த ஃபோல்டர்களின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மீட்ட ஃபைல்களின் பட்டியலைப் பார்த்த பிறகுதான் மீதிக் காசு என்று பேசிக்கொள்ளுங்கள்.

வாரண்டி இருக்கிறதே என்பார்கள். வாரண்டி டிரைவுக்குத்தான், உள்ளே இருப்பதற்குக் கிடையாது. பழையதை வாங்கிக்கொண்டு வேறு டிரைவ் தருவார்கள், உங்கள் கல்யாண வீடியோ அந்தப் பழைய டிரைவோடு போய்விடும். தரவு முக்கியமென்றால் மாற்று டிரைவின் மேல் ஆசைப்பட்டு அவசரப்பட வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு, சீகேட்டின் சில மாடல்களோடு ரெஸ்க்யூ என்ற பெயரில் தரவு மீட்புச் சேவையும் குறிப்பிட்ட காலத்துக்குச் சேர்ந்தே வருகிறது. பலருக்குத் தங்கள் டிரைவுக்கு அது இருப்பதே தெரியாது. பெட்டியை எடுத்துப் பாருங்கள், சீரியல் நம்பரைப் போட்டுக் கம்பெனி தளத்தில் பாருங்கள். அது இருந்தால் மேலே சொன்ன எல்லா இடத்துக்கும் முன்னால் அங்கேதான் போக வேண்டும், வேறு யாராவது திறந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

வெள்ளத்தில் நனைந்தது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வீட்டுக்குள் வந்ததை மறக்க முடியாது. தண்ணீர் வடிந்ததும் டிவி, மிக்ஸியோடு சேர்த்து ஹார்ட் டிஸ்க்கையும் மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்தவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குக் காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு, முழுக அமிழ்ந்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அது தானாகக் காய்ந்தால் தண்ணீரில் இருந்த உப்பும் சேறும் தட்டின் மேல் படிந்து இறுகிவிடும், பிறகு சுத்தம் செய்வது மிகவும் கஷ்டம். எனவே காயவைக்காதீர்கள், அரிசியில் போடாதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஈரமாகவே லேபுக்கு எடுத்துப் போங்கள். சொருகிப் பார்க்கவே கூடாது என்பது சொல்லாமலே தெரியும்.

டிரைவை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுவது

எனக்குப் பிடித்த வழி இதுதான், இதை யாரும் யோசிப்பதே இல்லை. நமக்கு வேண்டியது அந்த டிரைவா, அதில் இருந்த படமா?

குடும்பப் படங்கள் என்றால் பழைய கூகுள் அக்கவுண்டுகளைத் திறந்து பாருங்கள். 2021 ஜூன் 1 வரை கூகுள் ஃபோட்டோஸில் 'ஹை குவாலிட்டி'யில் ஏற்றும் படங்களுக்கு இட வரம்பே கிடையாது, அப்போது போனில் எடுத்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாமலே மேலே போய் உட்கார்ந்திருக்கலாம். சித்தி, பெரியம்மா, துபாய் மாமா போன்களில் வாட்ஸ்அப் ஃபோல்டரைத் தேடச் சொல்லுங்கள், தரம் குறைந்திருந்தாலும் முகம் இருக்கும். விசேஷத்துக்கு பேனர் அடித்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் அந்தப் பெரிய சைஸ் படம் இன்னும் கிடக்கும், அவர்கள் எதையும் அழிப்பதில்லை. ஆல்பம் பிரிண்ட் போட்ட லேபில் டிசைன் செய்த பக்கங்கள் இருக்கலாம். ஸ்டுடியோக்காரர்கள் கேமரா கார்டுகளை மறந்துவிடாதீர்கள். கேமராவில் ஃபார்மட் செய்தாலும் அதன் மேல் புதிதாக எடுக்காத வரை ஃபோட்டோரெக் அதிலிருந்து நிறைய எடுத்துத் தரும், செத்த டிரைவைவிட உயிருள்ள கார்டிலிருந்து எடுப்பது பல மடங்கு சுலபம். அதனால் டிரைவ் படுத்த அன்றே அந்தக் கார்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், நாளைய முகூர்த்தத்துக்கு வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்கேன் செய்து வைத்த காகிதங்கள் போய்விட்டன என்று புலம்புகிறவர்களுக்கு, பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல்கள் டிஜிலாக்கரில் கிடைக்கும், பட்டாவும் வில்லங்கச் சான்றும் அரசுத் தளங்களிலேயே எடுக்கலாம். கடைக்காரர்கள் ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அவர்களுக்குப் பதற்றம் வருவது இயல்பு. ஆனால் தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் போர்ட்டலில் இருக்கும், டேலி பேக்கப் ஒன்று ஆடிட்டர் ஆபீஸில் இருக்க வாய்ப்பு அதிகம். லேபுக்கு இருபதாயிரம் கட்டுவதற்கு முன் ஆடிட்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

சினிமா, பாட்டு, சாஃப்ட்வேர் செட்டப் இதுக்கெல்லாம் லேப் வாசலை மிதிக்காதீர்கள்.

அலமாரி

இப்போது கையில் காசு இல்லை, ஆனால் உள்ளே இருப்பதை விடவும் மனசில்லை என்றால்? அப்போது எதுவும் செய்யாமல் எடுத்து வைப்பதும் ஒரு நல்ல முடிவுதான், கடையில் கொடுத்து நோண்ட விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். நின்றுபோன ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கும்போது தட்டில் இருக்கும் தரவு அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை, ஒரு வருஷம் கழித்துப் போனஸ் வந்த பிறகு லேபுக்குப் போனாலும் பொதுவாக நிலைமை ஒன்றும் பெரிதாக மாறியிருக்காது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடிய கவரில் வைத்து, மேலே 'டிக் சத்தம், சொருகாதே' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மச்சினன் வந்து 'ஓடுதா பாப்போம் மாமா' என்று சொருகிவிடுவான். நனைந்த டிரைவுக்கு மட்டும் இந்த வழி ஆகாது, அது நாளாக ஆக அரிக்கும். போர்ட்டபிள் எஸ்எஸ்டியையும் இப்படி வருஷக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போட்டு வைப்பதை நான் நம்ப மாட்டேன்.

ஆக, என்னிடம் டிரைவைக் கொண்டுவருபவர்களுக்கு நான் சொல்வது இப்படித்தான் பிரியும். கல்யாண வீடு இன்னும் ஆல்பம் வாங்கவில்லை, கார்டும் அழிந்துவிட்டது, டிரைவில் டிக் சத்தம்: யோசிக்காமல் லேப், செலவைத் தொழில் நஷ்டமாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளையின் சின்ன வயசுப் படங்கள், டிக் சத்தம், கையில் காசு இல்லை: போன்களில் தேடு, டிரைவை அலமாரியில் வை. ஃபார்மட் கேட்கிறது, சத்தம் இல்லை: வேறொரு டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே. மெதுவாகிறது, சி5 ஏறுகிறது: இமேஜ் எடுக்கத் தெரிந்தால் இன்று ராத்திரியே, தெரியாவிட்டால், உள்ளே இருப்பது பெறுமானம் உள்ளது என்றால், லேப். வாய் ஆடுகிறது: செல்போன் கடை.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான், விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூர்க்காரர்களுக்கும் இது சுலபமாகிவிட்டது. பைக்கின் டேங்க் கவரில் டிரைவைப் போட்டுக்கொண்டு பள்ளத்தில் குதித்துப் போவதைவிட அது எவ்வளவோ பரவாயில்லை. வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்புகிறீர்கள் என்றால் பபிள் ஷீட்டில் நாலைந்து சுற்று சுற்றி, டிரைவைவிட நன்றாகப் பெரிய அட்டைப்பெட்டியில் ஆடாமல் அடைத்து அனுப்புங்கள். கேபிளையும் சேர்த்துப் போட வேண்டாம், அதுவே உள்ளே இடித்துக்கொண்டிருக்கும்.

தரவை வாங்கப் போகும்போது காலி டிரைவ் ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள், அவர்களிடம் வாங்கினால் விலை கூடுதலாக இருக்கும். அங்கேயே உட்கார்ந்து பெரிய வீடியோக்களை முதல், நடு, கடைசி என்று இழுத்துப் பாருங்கள், பட்டியலில் பெயரும் சைஸும் சரியாக இருந்து உள்ளே வெறும் கறுப்புத் திரை ஓடும் ஃபைல்கள் உண்டு. அவர்கள் எடுத்து வைத்திருக்கும் நகலை எத்தனை நாள் கழித்து அழிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, அதற்குள் வீட்டில் மீதியையும் திறந்து பார்த்து முடித்துவிடுங்கள். ஆதார், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் உள்ளே இருந்தால் அழித்துவிட்டோம் என்று ஒரு மெயில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், நல்ல லேப் இதற்கு முகம் சுளிக்காது.